காண்பதும் காணப்படுவதும்

பிறர் கண்ணிற் படவேண்டும் என்னும் ஆசை மானிடர் யாவர்க்கும் பொதுவானது. கல்லூரி மாணாக்கர்க்கோ அது சற்று மிகுதியானது. புதிய சட்டையணிந்த நாளில் நாம் நூல்நிலையத்துக்கு நேர்வழியே செல்லாது, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு செல்வதன் காரணம் இதுவேயன்றி வேறில்லை. இதனைக் குற்றமென்று யான் கூறவில்லை. ஆனால், மெய்யாகவே நாம் பிறர் கண்ணிற் பட்டே தீரவேண்டிய வேளை ஒன்றுண்டு. அது சூரியன் மறைந்த பின்னர், வாகனங்கள் விரைந்தோடும் சாலையில், நாம் மிதிவண்டி மேல் அமர்ந்து செல்லும் வேளை. அவ்வேளையில் மாத்திரம், எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை என்று விரதம் பூண்டவர்போல் நம்மிற் பலர் நடந்துகொள்கின்றனர். அவ்விரதத்தைச் சில ஆண்டுகள் தவறாது அநுஷ்டித்தவருள் யானும் ஒருவன். அதனைக் கைவிட்ட வரலாறு எனக்குப் பெருமை தருவதன்று. எனினும், நம் கல்லூரிச் சைக்கிள் கொட்டகையை நாள்தோறும் கண்டு வருவதால், அதனை மறைத்து வைத்தல் தகாதென்று எண்ணி இங்கு எழுதத் துணிந்தேன்.

எங்கள் இல்லம் மதுரைக் கே.கே. நகரில், வண்டியூர்க் கண்மாயின் பக்கத்தே உள்ளது. அங்கிருந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையும் தமுக்கத்தையும் கடந்து கல்லூரி வந்து சேர்வது, மிதிவண்டியில் எளிதான பயணமே. அம்மிதிவண்டி அரசாங்கம் எனக்களித்தது. தமிழ்நாட்டு அரசு 2001ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கி, 2005ஆம் ஆண்டிற் பிறர்க்கும் விரிவாக்கிய இலவச மிதிவண்டித் திட்டத்தின் பயனைப் பதினோராம் வகுப்பில் யானும் பெற்றேன். வண்டி வந்தபொழுது அதன் முன்புறம் வெண்மையாகவும், பின்புறம் செம்மையாகவும், மிதிகளின் ஓரங்களில் மஞ்சளாகவும் சிறு வில்லைகள் பதிக்கப்பெற்றிருந்தன. கடைக்காரர் அவற்றை ரிஃப்ளெக்டர் என்பர். பிரதிபலிப்பான் என்று நாம் கூறலாம். கல்லூரியிற் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பள்ளிப் பிள்ளையின் வண்டிபோற் காணப்படுகிறதென்று தோழனொருவன் நகைக்கவே, அவ்வில்லைகளை ஒவ்வொன்றாய்த் திருப்புளியால் நெம்பி எடுத்து, ஒரு தகரப் பெட்டியிற் போட்டுவிட்டேன். வண்டி அழகாயிற்று என்றே அன்று நினைத்தேன்.

என் பாட்டனார் இது கண்டு ஒன்றும் கடிந்தாரல்லர். தம் இளமைக் கதையை மாத்திரம் கூறினார். அக்காலத்தில் இரவில் விளக்கின்றிச் சைக்கிளிற் சென்றால் போலீஸ்காரர் நிறுத்திவிடுவாராம். சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிடுவதும் உண்டாம். ஆதலால் மண்ணெண்ணெய் விளக்குத் தொங்கவிடுவோரும், டயரில் உரசிச் சுழலும் டைனமோ பூட்டுவோரும் இருந்தனர். இரண்டுக்கும் வகையற்றவர் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, அதனுள் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, ஒரு கையாற் பிடித்துக்கொண்டே மற்றொரு கையால் வண்டியோட்டி வருவராம். "அந்த மெழுகுவர்த்தியில் வழி எப்படித் தெரியும், தாத்தா?" என்று கேட்டேன். "வழி தெரியாதப்பா, ஆளு வர்றது தெரியும்" என்றார். அம்மொழியின் பொருள் அன்று என் செவியளவில் நின்றுவிட்டது.

இனி, மார்கழி மாதத்து ஓரிரவைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் கல்லூரி மாணவர் குழுவொன்று கிறிஸ்துமஸ் கீதபவனியாக அன்பர் இல்லங்கள்தோறும் பாடிச்சென்று, விடியற்காலம் மூன்று மணியளவிற் கலைந்தது. விடுமுறைக்குத் திருநெல்வேலி செல்லவேண்டிய நண்பன் ஒருவனை என் தமையனாரின் ஸ்கூட்டரில் ஏற்றிச் சென்று, மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டு, வீடு நோக்கித் திரும்பினேன். இரவெல்லாம் விழித்த கண்கள்; சாலையோ வெறுமையாயிருந்தது; கண்மாய்ப் பக்கத்திலிருந்து மெல்லிய பனிப்படலம் எழுந்து படர்ந்திருந்தது. ஏரிக்கரைச் சாலையில் இரண்டு தெருவிளக்குகள் அணைந்து கிடந்த ஓரிடத்தில், எனக்கு முன்னே திடீரென ஏதோ ஒன்று இருளினும் சற்றுக் கனத்த இருளாய்த் தோன்றியது. பிரேக்கை அழுத்தினேன், திருப்பினேன். ஆயினும் ஸ்கூட்டரின் பக்கம் எதன்மீதோ உரசிற்று. ஒரு மிதிவண்டி சாயும் ஓசை கேட்டது.

வண்டியை நிறுத்தித் திரும்பி வந்தபொழுது, விளக்கின் வெளிச்சத்தில் முதலில் எனக்குத் தெரிந்தவை மல்லிகை மொட்டுகளே. தார்ச்சாலையின் கருமையில் அவை வெள்ளை வெளேரென்று சிதறிக் கிடந்தன. அதன் பின்னரே அவற்றினிடையே அமர்ந்திருந்த முதியவர் எனக்குத் தெரிந்தார். கறுத்த கம்பளி, பழுப்பேறிய வேட்டி, தலையிற் கட்டிய மங்கிய துண்டு. பூக்கூடையோ ஈரச்சாக்கால் மூடப்பட்டிருந்தது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடியுமுன் பூ வாங்கி, கே.கே. நகர்த் தெருக்களில் விற்பவர் அவர். எங்கள் வீட்டு வாயிலிலும் அவர் குரலைப் பல நாள் கேட்டிருக்கிறேன். அவரிடம் யான் முதன்முதற் கூறிய சொற்களை எழுத என் கை நாணுகிறது. அடிபட்டதா என்று கேட்டேனல்லேன். "விளக்கில்லாமல் ஏன் இப்படி வருகிறீர்கள்?" என்றேன்.

அவர் வலக்கையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது தம்பி. எத்தனையோ வருசமா இதே ரோட்டுலதான் வர்றேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் சாலையைக் கண்டார், பள்ளத்தைக் கண்டார், பின்னே வந்த என் வண்டியின் ஒளி தமக்கு முன்னே படர்வதையும் கண்டிருப்பார். தமக்கு யாவும் தெரிந்தமையின், தாமும் பிறர்க்குத் தெரிவதாகவே நம்பினார்.

ஆட்டோ ஒன்றை அழைத்து அவரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றேன். மணிக்கட்டெலும்பு முறிந்திருந்தது; மாவுக்கட்டுப் போட்டனர். என் தந்தையார் செய்தி கேட்டு வந்து, பூவின் விலையை அவர் கையிற் கொடுத்தார். பனியால் மல்லிகை அருகி, அதன் விலை உச்சத்திலேறி நிற்கும் மாதம் மார்கழி. அன்று சாலையிற் கிடந்தது அவருடைய முதல் முழுவதும் ஆகும். முதலைத் திருப்பித் தரலாம். ஆனால் பண்டிகையும் பொங்கலும் அடுத்தடுத்து வரும் அவ்வாரங்களில் அவர் கையால் தொடுக்கவும் வண்டி மிதிக்கவும் இயலாமற் போன நாட்களை யார் திருப்பித் தருவார்?

தவற்றில் பெரும்பங்கு என்னுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. உறங்காத கண்ணோடும், பனியிற் குறைக்கவேண்டிய வேகத்தைக் குறையாமலும் வண்டியோட்டியவன் யான். ஆயினும், வீடு திரும்பிக் கொட்டிலில் நின்ற என் மிதிவண்டியைப் பார்த்தபொழுது வேறோர் உண்மை என்னைச் சுட்டது. முதியவரின் வண்டியில் விளக்கு இல்லாதது வறுமையாலும் அறியாமையாலும். என் வண்டியில் இல்லாததோ, இருந்ததை யானே பிடுங்கி எறிந்தமையால். அவரை நோக்கிக் கேட்ட கேள்வியை எவனாவது ஓரிரவில் என்னை நோக்கிக் கேட்க எல்லா நியாயமும் இருந்தது. கேட்கும் நிலையில் அவனும், கேட்கப்படும் நிலையில் யானும் இருப்போமா என்பதே ஐயம்.

அதன் பின்னரே, பௌதிக மாணாக்கனாகிய யான், பரீட்சைக்கென்று படித்தவற்றை உயிருக்கென்று படிக்கலானேன். அதிற் சிலவற்றை இங்கே கூறுவது பொருந்தும்.

மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு நொடியில் 12 மீட்டருக்கு மேற் கடந்துவிடும். எதிரில் ஏதோ உளதென்று கண் கண்டு, மனம் தேர்ந்து, கை பிரேக்கைப் பற்றுவதற்குள் ஒரு நொடியோ ஒன்றரை நொடியோ கழிந்துவிடும். பின்னர் வண்டி நிற்பதற்கும் இடம் வேண்டும். ஆக, கண்ட இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் இடையே 30 மீட்டராவது தேவை. தாழ்த்திய முகப்பு விளக்கில், மங்கிய உடையணிந்த ஒருவரை அத்தூரத்திற்கு அப்பால் கண்டுகொள்வது அரிது. பனியும் உறக்கமும் கூடினால் சொல்லவேண்டுவதில்லை.

வெண்ணிற ஆடை உதவாதோவெனின், ஓரளவே உதவும். துணியின்மேல் விழும் ஒளி நாற்றிசையிலும் சிதறுவதால், வண்டியோட்டியின் கண்ணுக்கு மீள்வது அற்பமே. பளபளக்கும் இரும்பும் பயன்படாது. கண்ணாடிபோல் அது ஒளியை வேறொரு திசைக்குத் தள்ளிவிடும். பிரதிபலிப்பானோ ஒளியை அது வந்த வழியே திருப்பியனுப்பும் இயல்பினது. அவ்வில்லையின் உட்புறத்தை உற்றுநோக்கின், மும்மூன்று சிறு முகங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கூடும் மூலைகள் பல அணிவகுத்திருப்பதைக் காணலாம். இரண்டு சுவரும் தரையும் கூடும் அறைமூலையில் ஒரு பந்தை எறிந்தால், அது மூன்றிலும் பட்டு எறிந்தவனை நோக்கியே மீள்வதுபோல, இம்மூலையிற் புகுந்த ஒளியும் எவர் அனுப்பினரோ அவரிடமே திரும்புகிறது. ஆதலால்தான் மின்கலமும் எண்ணெயும் வேண்டாத ஒரு சிறு வில்லை, நூறு மீட்டருக்கு அப்பாலும் வண்டியோட்டியின் கண்ணில் ஒரு விளக்குப்போற் சுடர்கிறது.

1969ஆம் ஆண்டு ஜூலையில் அப்போலோ 11 சென்ற வீரர்கள் சந்திரனின் தரையில் வைத்து வந்த கருவிகளுள், இத்தத்துவத்தாலான 100 பட்டகங்கள் கொண்ட பலகையொன்றும் உண்டு. பூமியிலிருந்து செலுத்தும் லேசர்க் கதிர் அதிற் பட்டு ஏறத்தாழ இரண்டரை நொடியில் மீள்கிறது. அத்தகைய பலகைகளைக் கொண்டே, சந்திரன் ஆண்டுதோறும் ஏறக்குறைய 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிச் செல்வதை அளந்தனர். சந்திரனிலிருந்து ஒளியை மீட்கும் அத்தத்துவத்தையன்றோ யான் திருப்புளியால் நெம்பித் தகரப் பெட்டியிற் போட்டுவைத்தேன்!

மிதிகளிற் பதிக்கும் மஞ்சள் வில்லைகளுக்குத் தனிச்சிறப்பொன்று உண்டு. 1973ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னார் யோகான்சன் என்பார், மனிதரின் மூட்டுகளில் மாத்திரம் ஒளிப்புள்ளிகளை வைத்து, இருளில் நடக்கச்செய்து படம் பிடித்தார். உருவம் ஒன்றும் தெரியாவிடினும், புள்ளிகள் அசையும் வகையைக் கண்டமாத்திரத்தில் இது மனிதர் நடப்பது என்று பார்த்தோர் உணர்ந்தனர். மேலும் கீழும் மாறிமாறி அசையும் இரு மஞ்சட் புள்ளிகளும் அவ்வாறே, இங்கே ஏதோ உளது என்பதோடு நில்லாது, இங்கே ஒரு மனிதர் மிதித்துச் செல்கிறார் என்றும் அறிவிக்கின்றன. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் கணுக்காலிலும் முழங்காலிலும் ஒளிமீட்கும் பட்டைகளைக் கட்டிச் சோதித்து இப்பயனை உறுதிசெய்தனர். மிதிவண்டியிற் செல்வோர் தாம் பிறர்க்குத் தெரியும் அளவைப் பெரிதும் மிகைப்படுத்தி எண்ணுகின்றனர் என்பதும் அவர்கள் கண்டதே. நம் பூக்காரரின் நம்பிக்கை உலகத்தார் பலர்க்கும் உரியது.

இங்ஙனம் கூறியதால் பிரதிபலிப்பான் ஒன்றே போதுமென்று கொள்ளற்க. பிறருடைய விளக்கு தன்மேல் விழுந்தாலன்றி அது பேசாது. குறுக்குத் தெருவிலிருந்து வரும் வண்டியின் ஒளி அதன்மேற் படுமுன் காலம் கடந்துவிடலாம். எதிரே நடந்து வருவோரிடம் விளக்கே இராது. சேறும் தூசும் படிந்தால் அதன் கண் குருடாகிவிடும். ஆகையால் முன்னே ஒரு வெள்ளை விளக்கும் பின்னே ஒரு சிவப்பு விளக்கும் வேண்டும். பழைய டைனமோ விளக்கு சக்கரம் நின்றால் அணைந்துவிடும். சாலைச் சந்திப்பிற் காத்து நிற்கையில் அது நம்மைக் கைவிடும். இக்காலத்து எல்.இ.டி. விளக்குகளுக்கு அக்குறையில்லை. முன்விளக்கின் முகத்தைச் சற்றே தாழ்த்திக் கட்டுதல் நலம். எதிரே வருபவர் கண்ணைக் கூசச்செய்து நம்மைக் காட்டிக்கொள்வதிற் பயனில்லை.

டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 2004, 2005ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 4,000 மிதிவண்டிக்காரரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. சக்கரக் கம்பிகளிற் கட்டிய காந்தத்தால் இயங்கி, பகலிலும் இரவிலும் ஓயாதெரியும் சிறு விளக்குகளை ஒரு சாரார்க்கு அளித்தனர். காயம் விளைத்த விபத்துகள் அவர்களிடையே 19 விழுக்காடு குறைந்திருந்தன. நம் நாட்டிலும் 2020ஆம் ஆண்டில் மிதிவண்டிப் பிரதிபலிப்பான்களுக்கென மத்திய அரசு தரக் கட்டுப்பாட்டு ஆணையொன்றைப் பிறப்பித்தது. தைப்பூசக் காலத்தில் பழனிக்கு நடந்து செல்லும் அடியார்களின் பைகளிலும் தடிகளிலும் ஒளிரும் பட்டைகளைக் காவலர் ஒட்டிவிடும் காட்சியையும் நம்மவர் கண்டிருப்பர். ஆணை பிறப்பித்தல் அரசின் செயல். பட்டை ஒட்டுதல் காவலரின் செயல். ஒட்டியதைப் பிடுங்காதிருத்தல் ஒன்றே நம்மிடம் வேண்டப்படுவது.

கட்டு அவிழ்த்த பின்னர் ஒரு மாலையில் அம்முதியவர் இல்லம் சென்றேன். தகரப் பெட்டியிலிருந்த என் வில்லைகளைத் துடைத்து எடுத்துச் சென்றிருந்தேன், பின்விளக்கொன்றும் வாங்கியிருந்தேன். அவர் வில்லையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எரியுமா?" என்றார். "எரியாது, ஐயா" என்றேன். "எனக்கு வழி காட்டுமா?" என்றார். "காட்டாது, ஐயா, உங்களைப் பிறர்க்குக் காட்டும்" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்ப இது எனக்கில்ல, பின்னால வர்றவனுக்கு" என்றார். அவர் சொற்களில் நிந்தை இருந்ததோ இல்லையோ, பின்னால் வந்தவனாகிய எனக்கு அவை தைத்தன. ஆம், அவை எனக்காகவே பூட்டப்பட வேண்டியவை. அன்று அவை அங்கிருந்திருப்பின், என் வாழ்நாளெல்லாம் சுமக்கவேண்டிய ஒரு நினைவிலிருந்து அவை என்னைக் காத்திருக்கும்.

இரவில் விளக்கேந்திச் சென்ற குருடன் கதையை நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். உனக்கெதற்கு விளக்கு என்று நகைத்தவனுக்கு, நீ என்மேல் முட்டாதிருப்பதற்கு என்று அவன் விடைகூறினான் என்பர். அதனை அறிவுக்கூர்மை காட்டும் ஒரு வேடிக்கைக் கதையாகவே எண்ணியிருந்தேன். இன்று அது அன்பைப் பற்றிய கதையாக எனக்குத் தோன்றுகிறது. தன்னை முட்டுகிறவனுக்கும் அடிபடும் என்பதை அக்குருடன் அறிந்திருந்தான். விளக்கை மரக்காலின் கீழ் மறைத்து வைத்தல் தகாதென்று நம் சிற்றாலயத்திற் பலமுறை கேட்ட போதனைக்கும், சைக்கிள் கொட்டகையளவில் இவ்வாறு ஒரு பொருள் உண்டென்று யான் துணிந்து கூறுவேன்.

மாணவ நண்பர்காள்! இவற்றுக்காகும் செலவு பெரிதன்று. மார்கழி மாதத்தில் இரண்டொரு முழம் மல்லிகைக்கு நம் வீட்டார் தயங்காது கொடுக்கும் பணத்தில் வில்லைகள் கிட்டும். இன்று மாலை வகுப்பு முடிந்து செல்லுமுன் உங்கள் வண்டியின் பின்புறத்தை ஒருமுறை நோக்குங்கள். வில்லை இருப்பின் துணியால் துடையுங்கள், இல்லையெனின் பூட்டுங்கள். ஸ்கூட்டரிலும் மோட்டார் வண்டியிலும் செல்லும் நண்பர்களோ, வில்லையும் விளக்கும் இல்லாத ஏழையொருவர் முன்னே செல்லக்கூடும் என்றெண்ணி வேகத்தைக் குறையுங்கள். அவர் கண்ணில் நாம் தெரிகிறோம் என்பதால் நம் கண்ணில் அவர் தெரிவார் என்பதில்லை.

அப்பெரியவர் இன்றும் விடியுமுன் சந்தைக்குச் செல்கிறார். குளிர்நாளில் மணிக்கட்டு வலிக்கிறதென்று என் தாயாரிடம் கூறினாராம், என்னிடம் கூறியதில்லை. சில நாட்களில் அந்நேரத்தில் யானும் ஏரிக்கரைச் சாலையிற் செல்ல நேர்கிறது. நெடுந்தொலைவில் ஒரு சிவப்புப் புள்ளியும், அதன் கீழ் ஏறியிறங்கும் இரண்டு மஞ்சட் புள்ளிகளும் தோன்றுகின்றன. வேகத்தைக் குறைத்து, விலகி, அருகிற் செல்லும்பொழுது "ஐயா" என்று குரல் கொடுக்கிறேன். "போங்க தம்பி, பார்த்து" என்கிறார்.